நாய் வரி என்று சிரிக்கும் முன்

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

தவணைப் பரீட்சையில் "1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்கான காரணங்கள் இரண்டு தருக" என்று கேட்டிருந்தோம். ஏறத்தாழ எல்லா விடைத்தாளிலும் முதலில் இருந்தது நாய் வரிதான். வேடிக்கையாக இருப்பதால் பிள்ளைகளுக்கு அது மறப்பதில்லை. விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டார்: "சேர், ஒரு நாய்க்கு ஒரு ஷில்லிங்தானே? அதுக்குப் போய் ஆக்கள் சுடுபட்டாங்களா?"

வகுப்பே சிரித்தது. எங்களுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தக் கேள்விக்குச் சரியான பதில் அப்போது எங்களிடம் இருக்கவில்லை. வரலாறு படிப்பிக்கும் நாங்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து தேடி வாசித்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் அந்தக் காலத்தைப் பார்ப்போம். 1840களின் தொடக்கத்தில் கண்டியைச் சுற்றிய மலைகளில் கோப்பிக்காகக் காடு வெட்டினார்கள். 1840இன் 12ஆம் இலக்கக் காணிச் சட்டத்தின்படி, உரிமையை உறுதியால் நிரூபிக்க முடியாத காடும் சேனையும் முடிக்குரியதாகக் கருதப்பட்டன. அந்த நிலம் தோட்டங்களுக்கு விற்கப்பட்டது. வாங்கியவர்களில் ஆங்கிலேய அரச அதிகாரிகளும் இருந்தார்கள். 1847இல் கோப்பி விலை விழுந்தது. தோட்டக்காரர்கள் நொந்தார்கள், அரசாங்கத்தின் வருமானமும் குறைந்தது.

அந்த நேரத்தில்தான் டொரிங்டன் பிரபு ஆளுநராக வந்தார். 1847 மே மாதம் கொழும்பில் இறங்கியபோது அவருக்கு வயது 34. ஒரு நாட்டை ஆண்ட அனுபவம் இல்லை. அவருக்கு அடுத்த நிலையில் குடியேற்றச் செயலாளராக இருந்தவர் எமர்சன் டெனன்ட்.

இந்த டெனன்ட் இலங்கையின் நிதி நிலையைப் பற்றி ஒரு அறிக்கை எழுதினார். ஏற்றுமதித் தீர்வைகளை நீக்க வேண்டும், விவசாயியை வாட்டும் நெல்வரியையும் நீக்க வேண்டும், அவற்றுக்குப் பதிலாக எல்லா நிலத்துக்கும் பொதுவான நிலவரி போட வேண்டும் என்றார். ஒரு ஏக்கர் வயலுக்கும் வரி, நூறு ஏக்கர் கோப்பிக்கும் வரி. நிறையக் காணி வைத்திருப்பவர் நிறையக் கட்டுவார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

நடந்தது வேறு. நிலவரி போடுவதென்றால் நாட்டையே அளக்க வேண்டும், யாருடைய காணி எது என்று பதிய வேண்டும். அதற்குக் காலமும் காசும் தேவை. ஆகவே நிலவரி தள்ளிப் போடப்பட்டது. நெல்வரி அப்படியே இருந்தது. கோப்பியின் ஏற்றுமதித் தீர்வை மட்டும் நீக்கப்பட்டது. அதனால் கஜானாவில் விழுந்த துண்டை நிரப்பப் புதிய வரிகள் வந்தன. துப்பாக்கிக்கு வருடம் இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ். நாய்க்கு ஒரு ஷில்லிங். கடைக்கு, வண்டிக்கு, படகுக்கு, முத்திரைக்குத் தனித்தனிக் கட்டணம். எல்லாவற்றுக்கும் மேலாக வீதிச் சட்டம்: 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஒவ்வொரு ஆணும் வருடத்தில் ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், அல்லது மூன்று ஷில்லிங் கட்ட வேண்டும்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஒரு ஷில்லிங் 12 பென்ஸ். மூன்று ஷில்லிங் 36 பென்ஸ். அதை ஆறு நாளால் பிரித்தால் ஒரு நாளுக்கு ஆறு பென்ஸ். ஒரு கிராமத்து மனிதனின் ஒரு நாள் உழைப்புக்கு அந்தச் சட்டமே வைத்த விலை அது. ஒரு துப்பாக்கியும் இரண்டு நாயும் வைத்திருந்த விவசாயி என்ன கட்ட வேண்டும்? வீதிக்கு மூன்று, துப்பாக்கிக்கு இரண்டரை, நாய்களுக்கு இரண்டு. மொத்தம் ஏழரை ஷில்லிங், அதாவது 90 பென்ஸ். சட்டத்தின் விலைப்படி 15 நாள் உழைப்பு. நெல்வரி வேறு.

துப்பாக்கி அவருக்கு ஆடம்பரம் அல்ல. காட்டுப் பன்றியிடமிருந்தும் யானையிடமிருந்தும் பயிரைக் காப்பாற்றும் தொழில் கருவி. நாயும் அப்படித்தான். கண்டிக் கிராமங்களில் அப்போது காசுப் புழக்கமும் குறைவு. நெல் இருக்கும், கையில் ஷில்லிங் இருக்காது.

கடை வரி எங்கள் ஆட்களையும் தொட்டது. கண்டி இராச்சியத்தில் மாடுகளில் சுமை ஏற்றித் தவளம் போன பரம்பரை முஸ்லிம்களுடையது. மன்னரின் போக்குவரத்துத் திணைக்களமான மடிகே பத்தவில் சேவகம் செய்தவர்கள் அவர்கள். உப்பும் கருவாடும் துணியும் மலைநாட்டுக்கு ஏறியது அந்த மாடுகளின் முதுகில்தான். 1848இல் கண்டியிலும் மாத்தளையிலும் சிறு கடை வைத்திருந்தவர்களில் முஸ்லிம்கள் கணிசமாக இருந்தார்கள். இந்த வரிகள் இன்னார் என்று பார்த்து விழவில்லை. ஆனால் இலேசாகப் பிடிபடக்கூடியவர்கள் மேல் விழுந்தன. வீட்டு வாசலில் நிற்கும் நாயை எண்ணுவதற்கு நில அளவையாளர் தேவையில்லை.

புதிய கட்டணங்கள் 1848 ஜூலை 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தன. 6ஆம் திகதி கண்டிக் கச்சேரியைச் சனம் சூழ்ந்துகொண்டது. கொழும்பு ஒப்சேவர் பத்திரிகையின் ஆசிரியரான டொக்டர் கிறிஸ்தோபர் எலியட் என்ற அயர்லாந்துக்காரர் வரிகளுக்கு எதிராக எழுதினார், அது சிங்களத்திலும் வந்தது. இன்னும் என்னென்ன வரிகள் வரப்போகின்றனவோ என்ற வதந்தி ஊர் ஊராகப் போனது. எதற்காக இந்த வரி, யாருக்கு என்ன பயன் என்று கிராமத்தானுக்கு எவரும் விளங்கப்படுத்தவில்லை. அவன் கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கோப்பிக்கு வரி குறைகிறது, தனக்குக் கூடுகிறது. தான் ஆறு நாள் வெட்டும் வீதியில் தோட்டத்துக் கோப்பி வண்டி போகிறது.

ஜூலை 28ஆம் திகதி தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டினார்கள். அவரும் புரன் அப்புவும் கண்டிப் பிரபுக்கள் அல்ல, கரையோரத்தில் பிறந்தவர்கள். அங்கிருந்து கூட்டம் மாத்தளைக்கு இறங்கியது. அரச கட்டடங்களைத் தாக்கியவர்கள் வரிப் பதிவேடுகளையும் அழித்தார்கள். அவர்களுடைய கோபம் எதன் மேல் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

29ஆம் திகதி கண்டியில் இராணுவச் சட்டம் பிரகடனமானது. சில நாட்களில் கிளர்ச்சி அடங்கிவிட்டது. அடங்கிய பின்னும் ஒக்டோபர் 10 வரை இராணுவச் சட்டம் நீடித்தது. புரன் அப்புவை ஓகஸ்ட் 8ஆம் திகதி பொகம்பறையில் சுட்டார்கள். குடாபொல தேரரை 26ஆம் திகதி காவியுடையோடு சுட்டார்கள். இராணுவ நீதிமன்றங்களின் தீர்ப்பில் 18 பேர் சுடப்பட்டார்கள். பலருடைய சொத்துக்கள் பறிமுதலாகி ஏலம் போயின. செப்டம்பரில் எல்கடுவையில் பிடிபட்ட பண்டாவுக்கு மரண தண்டனை விதித்து, பிறகு அதைக் கசையடியாகவும் மலாக்காவுக்கு நாடுகடத்தலாகவும் மாற்றினார்கள். படையினர் தரப்பில் ஒரு உயிரும் போகவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் வரலாறு படிப்பிப்பவர்கள் என்று எங்களைச் சொல்லிக்கொள்ள முடியாது. வரி மட்டுமே காரணம் அல்ல. சேனை நிலம் பறிபோனதும், விகாரைகளைப் பராமரிக்கும் பொறுப்பிலிருந்து அரசாங்கம் விலகியதும் கண்டிச் சிங்களவர் மனதில் ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்தன. வரி அதில் விழுந்த தீக்குச்சி.

இலண்டன் பாராளுமன்றம் ஒரு தெரிவுக்குழுவை அமைத்து விசாரித்தது. 1850இல் டொரிங்டன் பதவி இழந்தார். நாய், துப்பாக்கி, கடை வரிகள் கைவிடப்பட்டன. வீதிச் சட்டம் மட்டும் தலைவரியாக அடுத்த நூற்றாண்டு வரை வாழ்ந்தது. 1922இல் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க அதைக் கட்ட மறுத்து, தண்டனையாக வீதியோரத்தில் கல் உடைத்த பிறகுதான் அது ஒழிந்தது.

நெல்வரியின் கதை இன்னும் கொடுமை. 1869இல் கோப்பி இலைகளில் நோய் வந்தது. வீட்டுத் தோட்டத்தில் நாலு கோப்பி மரம் வைத்து, அதை விற்ற காசில் நெல்வரி கட்டிய கிராமத்தான் கைவிடப்பட்டான். 1878இன் சட்டம் நெல்வரியைக் காசாகவே கட்டச் சொன்னது. கட்ட முடியாதவர்களின் வயல்கள் 1880களில் வலப்பனையிலும் உடஹேவாஹெட்டவிலும் விற்பனைக்குப் போயின. லெ மெசூரியர் என்ற ஆங்கிலேய உதவி அரசாங்க அதிபரே அங்கு நடந்த அவலத்தை எழுதி வைத்தார். 1892இல்தான் நெல்வரி ஒழிக்கப்பட்டது. அப்போதும் இறக்குமதி அரிசிக்கான தீர்வை தொடர்ந்தது. அந்த அரிசியை உண்டவர்களில் பெரும்பங்கினர் தோட்டத்து லயங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர்கள். டெனன்ட் சொன்ன நிலவரியோ வரவே இல்லை.

ஸகாத்தின் சட்டத்தில் இரண்டு விடயங்களை மத்ரசாவில் சின்ன வயதிலேயே படித்திருப்போம். நிஸாப் எனும் எல்லைக்குக் கீழே உள்ளவரிடம் எடுப்பதில்லை. மழையில் தானாக விளைந்த பயிரில் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சி விளைவித்ததில் இருபதில் ஒன்று. பாடுபட்டவனுக்குச் சுமை பாதி. எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு கஷ்டப்பட்டு வந்தது என்று கேட்ட பிறகுதான் கணக்கு. 1848இன் மூன்று ஷில்லிங் இந்த இரண்டையுமே கேட்கவில்லை. தோட்டத்துத் துரைக்கும் மூன்று, கூலிக்கு நெல் குத்துபவருக்கும் மூன்று.

இது பழைய கதைதானே என்று விட்டுவிட முடியவில்லை. 2019 கடைசியில் நம் நாட்டில் வரிகள் வெட்டப்பட்டன. பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகியது, வருமான வரியும் குறைந்தது. எல்லோருக்கும் இனித்தது. ஆனால் பெரிய வருமானக்காரருக்குக் கிடைத்த சலுகை பெரிது, அரச வருமானத்தில் விழுந்த ஓட்டையும் பெரிது. 2022 ஏப்ரலில் கடன் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. நோயும் உரமும் வேறு காரணங்களும் சேர்ந்தன, உண்மை. பிறகு ஓட்டையை அடைக்க வேண்டி வந்தது. 2023இல் வருமான வரியின் உச்ச வீதம் 36 ஆனது. அதே வேளை பெறுமதி சேர் வரி 12, 15 என்று ஏறி 2024 ஜனவரியில் 18 வீதத்துக்கு வந்தது. அதுவரை விலக்கு இருந்த சமையல் எரிவாயுவும் எரிபொருளும் அதற்குள் வந்தன.

சொத்துள்ளவர்களிடம் எடுக்கும் வரி? 2023இல் சர்வதேச நாணய நிதியத்துடன் உடன்பட்டபோது அந்தப் பேச்சும் இருந்தது. காணி, கட்டட வரி 13ஆம் திருத்தத்தின்படி மாகாண சபைகளின் நிரலில் இருப்பதால் சட்டச் சிக்கல் என்றார்கள். மத்திக்கும் மாகாணத்துக்கும் நடுவில் அது நின்றது. மாற்றாக வீட்டின் உத்தேச வாடகைக்கு வரி என்ற யோசனை வந்தது. 2025 ஏப்ரல் என்று குறித்திருந்த அதுவும் வரவில்லை. இப்படி வாசித்தபோது எங்களுக்கு டெனன்டின் நிலவரிதான் ஞாபகத்துக்கு வந்தது. நியாயமான வரிக்கு அளக்க வேண்டும், மதிப்பிட வேண்டும், பெரியவர்களின் கதவைத் தட்ட வேண்டும். கஷ்டமான வேலை. சிலிண்டருக்கு 18 வீதம் போடுவது இலேசு.

அந்த வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்தோம். வீட்டில் ஒரு வாரச் செலவில் எவ்வளவு வரி என்று கணக்கிட்டு வாருங்கள். 118 ரூபாயில் 18 ரூபாய் வரி. கேள்வி கேட்ட அதே பிள்ளை ஒரு தாளைக் கொண்டுவந்தார். அவருடைய உம்மா விடியற்காலையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவர். மாதம் எத்தனை சிலிண்டர், ஒவ்வொன்றிலும் எவ்வளவு வரி என்று வரிசையாக எழுதியிருந்தார். கடைசி வரியில் இருந்தது கணக்கு அல்ல, கேள்வி: "பெரிய ஹோட்டல் முதலாளிக்கும் இதே வீதம்தானா சேர்?"

ஆம், அதே வீதம்தான் என்றோம். இந்த முறை வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.

வரி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் சம்பளமும் அந்தப் பிள்ளையின் இலவசப் பாடப்புத்தகமும் கண்டி ஆஸ்பத்திரியின் மருந்தும் வரியில்தான் வருகின்றன. யாரிடம் எடுக்கிறோம், யாரை விட்டுவிடுகிறோம் என்பதுதான் கேள்வி. 1848இல் மக்கள் ஒரு ஷில்லிங்குக்காக எழும்பவில்லை. தங்களிடம் எடுத்து, இருப்பவர்களுக்கு விட்டுக்கொடுத்ததைப் பார்த்துத்தான் எழும்பினார்கள்.

அடுத்த முறை பொகம்பறைப் பக்கம் போகும்போது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக் கணக்கையும் ஒரு தரம் போட்டுப் பாருங்கள்.