ஓரிடத்தில் வைத்தது



ஈஸ்ட் ஹாமில் எம்மவர் வீடுகள் பலவற்றில் அலுமாரிக்கு மேலே ஒரு பை இருக்கும். பிறப்புச் சாட்சிப் பத்திரம், காணி உறுதி, ஊரில் எடுத்த நாலைந்து படங்கள், பாடசாலை மலர் ஒன்று. இடம்பெயர்ந்தபோது கையோடு வந்தவை அவ்வளவுதான். அவற்றை ஸ்கான் செய்து இணையச் சேமிப்பகத்தில் போட்டுவிட்டோம், இனிப் பயமில்லை என்று பலர் எண்ணுகிறோம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

1933இல் கே. எம். செல்லப்பா தமது வீட்டிலிருந்த நூல்களைப் பிறர் வாசிக்கக் கொடுக்கத் தொடங்கினார். அந்தச் சிறு முயற்சியே யாழ்ப்பாணப் பொது நூலகமாக வளர்ந்தது. 1981இல் அது எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் நூல்களும் திரும்பி வரவேயில்லை.

பின்னர் இணையம் வந்தது. யாகூ நிறுவனம் 'பிறீவ்கேஸ்' என்ற பெயரில் 30 மெகாபைட் இடத்தை இலவசமாகக் கொடுத்தது. அக்காலத்தில் அது பெரிய இடம். 2009 மார்ச்சில் அதை மூடிவிட்டார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில், தமிழர் பலரும் பக்கங்கள் வைத்திருந்த ஜியோசிட்டீசும் மூடப்பட்டது. இரண்டு வருடங்கள் திறக்கப்படாத கணக்குகளை 2023 டிசம்பர் முதல் கூகுள் அழிக்கத் தொடங்கியது. காலமான பெற்றோரின் கணக்கில் மட்டும் இருக்கும் படங்களுக்கு என்ன கதி என்பதை யோசித்துப் பாருங்கள்.

வெறுப்பு வைத்த தீயும் வியாபார முடிவும் ஒன்றல்ல. ஆனால் ஒரேயிடத்தில் வைத்ததை இழந்தவருக்கு நட்டம் ஒன்றுதான்.

2005இல் தன்னார்வலர்கள் 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தைத் தொடங்கினார்கள். ஈழத்து நூல்கள், பத்திரிகைகள், மலர்கள் அதில் ஏற்றப்பட்டன. எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இறக்குபவர் ஒவ்வொருவரின் கணினியிலும் இன்னொரு பிரதி சேர்கிறது. எரிந்த நூலகத்துக்கு எம்மவர் கொடுத்த பதில் இது.

நாமும் அதையே செய்யலாம். ஒரு பிரதி இணையத்தில், ஒன்று வீட்டு வன்தட்டில், இன்னொன்று வேறு நாட்டில் உள்ள உறவினரிடம். ஒவ்வொரு படத்திலும் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதையும் எழுதி வையுங்கள். கடவுச்சொல்லைப் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். பையிலுள்ள அந்தப் பாடசாலை மலரை 'நூலகம்' திட்டத்தினருக்குக் கொடுங்கள். எஞ்சியிருக்கும் ஒரே பிரதி உங்களிடமே இருக்கக்கூடும்.