ஓடுபாதையோரம் ஒரு வீடு

வேப்பம்பட்டு ரயில் நிலையத்தில் இறங்கி எப்பக்கம் நடந்தாலும் மனை விற்பனைப் பலகைகள் கண்ணிற்படும். நிலையத்திலிருந்து எத்தனை நிமிடம், நெடுஞ்சாலை எவ்வளவு தொலைவு, நிலத்தடி நீர் எத்தனை அடியில் என்பனவே அவற்றின் பேச்சு. ‘ஓடுபாதைக்கு இரண்டே நிமிடம்’ என்றொரு பலகை வைத்தால் எப்படியிருக்கும் என்று நாங்கள் வேடிக்கையாகப் பேசிக்கொண்டதுண்டு. கடல் கடந்த ஓரிடத்தில் உண்மையாகவே அப்படித்தான் மனை விற்கிறார்கள். அதற்கு வேண்டிய முதற்பொருள் நம் வட்டாரத்துக்கும் எண்பது ஆண்டுகளுக்கு முன்பே வந்து சேர்ந்தது என்பதைப் பலர் அறியார்.

அமெரிக்காவில் 1939-இல் விமானம் ஓட்டத் தெரிந்தவர் ஏறத்தாழ 34,000 பேர். போர் முடிந்து 1946 பிறந்தபோது அத்தொகை நான்கு இலட்சத்தைத் தாண்டிவிட்டது. திரும்பி வந்த விமானிகளுக்காக நாடெங்கும் 6,000 விமானத் திடல்கள் அமைக்கலாம் என்று அந்நாட்டு விமானத்துறை திட்டம் முன்வைத்தது. அவ்வாண்டிலேயே கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரருகே சியரா ஸ்கை பார்க் எனும் குடியிருப்பு தோன்றியது. நடுவே ஓடுபாதை, இருமருங்கும் வீடுகள், வீட்டை ஒட்டி விமானக் கொட்டகை. அதே மாநிலத்துக் கேமரன் பார்க்கில் தெருக்கள் நூறடி அகலம். இறக்கை இடிக்காதிருக்கத் தெருப்பெயர்ப் பலகைகளைத் தரையோடு தாழ்த்தி நட்டிருக்கிறார்கள். புளோரிடாவின் ஸ்புரூஸ் கிரீக்கோ போர்க்காலக் கடற்படைத் திடல் ஒன்றின்மேல் எழுந்த ஊர். சுமார் 1,300 வீடுகள், 700 கொட்டகைகள்.

விமானி இத்தகைய ஊரைத் தேர்ந்து குடியேறுவதைச் செல்வர் விளையாட்டென்று ஒதுக்குதல் எளிது. தொலைவில் நிறுத்திவைத்த விமானம் மெல்ல மெல்லப் பறப்பதையே நிறுத்திவிடும். வாசலில் நிற்பது மாலைதோறும் எழும்பும். பக்கத்து வீட்டுக்காரர் எஞ்சின் ஒலியின் பிசகைக் காதாலேயே கண்டுபிடித்துச் சொல்வார். விலையும் உண்டு: ஓயாத இரைச்சல், பொது ஓடுபாதையைப் பேணும் செலவு, பின்னாளில் விற்க முனைந்தால் பறக்கத் தெரிந்தவரைத் தேட வேண்டிய நிலை.

இனி நம் பக்கம் வருவோம். 1942 ஏப்ரலில் ஜப்பானியர் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கினர். விசாகப்பட்டினத்தின்மேலும் காக்கிநாடாவின்மேலும் குண்டு வீழ்ந்தது. சென்னை மக்கள் மூட்டை முடிச்சுடன் ஊரைக் காலி செய்தார்கள். தமிழகத்தில் சோழவரம், அரக்கோணம், உளுந்தூர்ப்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு எனப் பல இடங்களில் விமானத் திடல்கள் எழுந்தது அப்போர்க்காலத்தில்தான். வேப்பம்பட்டுக்கு வடகிழக்கே சோழவரம், மேற்கே ரயில் பாதையிலேயே அரக்கோணம்.

போர் ஓய்ந்தது. சோழவரம் ஓடுபாதையில் குடியேற விமானிகள் வரவில்லை, பந்தயக் கார்கள் வந்தன. 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே நடத்திய பந்தயங்களைக் காண நகரமே திரண்டு போகும். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் புதுத் தளம் திறக்கும்வரை தமிழகத்துக் கார்ப் பந்தயத்தின் பெயரே சோழவரம்தான். அங்கே புகழ்பெற்ற கோவை கரிவர்தன் விமானமும் ஓட்டியவர். 1995-இல் விமான விபத்திலேயே மறைந்தார்.

அமெரிக்காவில் வீடு எழுந்த நிலத்தில் இங்கே பந்தயம் எழுந்தது ஏன்? ஆர்வக்குறைவு காரணமாயிராது. சென்னையில், மவுண்ட் ரோட்டு ஓட்டல் உரிமையாளர் டி ஏஞ்சலிஸ் 1910-இலேயே தாமே விமானம் கட்டிப் பல்லாவரத்தில் பறந்து காட்டினார். 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குக் கொணர்ந்த தபாலை நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குப் பறந்து சேர்த்தார். ஆயினும் பறத்தல் ஓட்டல் முதலாளி, தொழிலதிபர், ஜோத்பூர் மகாராஜா என்ற வட்டத்துக்குள்ளேயே நின்றது. 1945-இல் இந்திய விமானப்படையில் இருந்தோர் ஏறத்தாழ 28,500. அதிகாரிகள் 1,600 அளவே. அமெரிக்க உழவன் மகன் போரிலிருந்து திரும்பியபோது, 1944-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பறக்கக் கற்கவும் அரசு பணம் தந்தது, வீடு வாங்கவும் கடனுக்குப் பொறுப்பேற்றது. நம் வீரர் திரும்பியதோ வறுமைக்கும் பிரிவினைக்கும் நடுவே.

அரக்கோணம் திடல் வேறு வழி சென்றது. கடற்படை கையேற்று, 1992 மார்ச்சில் ஐ.என்.எஸ். ராஜாளி என்று பெயர் பூண்டது. ஓடுபாதை நான்கு கிலோமீட்டருக்கும் சற்று மிகுதி. டி.யு. 142 விமானங்கள் 2017-இல் ஓய்வு பெறும்வரை அங்கிருந்தே பறந்தன. நம் வட்டாரத்தில் ஓடுபாதையருகே குடும்பத்தோடு வாழும் விமானிகள் என்றால் அவ்வளாகத்தவரே. அவர்கள் அவ்வூரைத் தேர்ந்தவர் அல்லர். ஆணை வந்தது, வந்தார்கள், மற்றோர் ஆணை வந்தால் போவார்கள்.

இன்று ஒருவர் அமெரிக்க முறையில் இங்கே ஊர் அமைக்க முயன்றால்? தனியார் விமானி உரிமத்துக்கு நாற்பது மணி நேரப் பறப்பு போதும். ஆனால் வான்பாதுகாப்பு அனுமதியும், பறப்புத் திட்டம் அளித்தலும் சிறு விமானத்தையும் விடா. சிறு எஞ்சின்களுக்குரிய பெட்ரோல் 2022-இல்தான் வடோதராவில் உற்பத்தியாகத் தொடங்கியது. அதற்குமுன் இறக்குமதியே கதி.

எல்லாவற்றினும் பெரியது நிலம். 900 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலம் என்று மிகச் சிறியதாக வைத்தாலும் பதின்மூன்று ஏக்கர் வேண்டும். ஏரிப் பாசனத்தில் அது எத்தனை குடும்பத்தின் சோறு என்பதை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. பரந்தூரில் சென்னையின் இரண்டாம் விமான நிலையம் என்று 2022-இல் அறிவிப்பு வந்ததும் ஏகனாபுரத்தார் தெருவில் இறங்கினர். ஆண்டுக்கணக்கில் நடந்த அப்போராட்டத்தை ஊன்றிக் கவனித்த பின்னர், ஓடுபாதைப் பலகை பற்றிய எங்கள் வேடிக்கைப் பேச்சு நின்றுபோயிற்று. சோழவரத்தில் போர்க்காலத்தில் நிலம் கொடுத்தவர் எவரெவர் என்று அன்று நாங்கள் கேட்டதேயில்லை.