அயலூரில் கணக்குப் பழகப் போனவர்கள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தங்கையின் பேரன் பாரிசிலிருந்து பேசினான். அங்கே நிதி மேலாண்மை படிக்கிறான். ஆறு மாதம் எங்காவது ‘ஸ்தாழ்’ செய்தால்தான் பட்டம். ஸ்தாழ் என்றால் பயிற்சி வேலை, புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாற்பது இடங்களுக்கு எழுதிப் போட்டும் பதில் இல்லையாம். “கூடப் படிக்கிறவங்களுக்கு அப்பாவோ மாமாவோ ஏதாவது பேங்க்ல இருக்காங்க தாத்தா. நமக்கு யார் இருக்கா?” என்றான்.

அவனுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. வேலைக்காக வீடு விட்டுப் போன பழைய பிள்ளைகள் சிலரைப் பற்றிப் படித்தது நினைவுக்கு வந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

500 வருடங்களுக்கு முன்பு கணக்கு கற்க வேண்டுமென்றால் வெனிஸ் நகரத்துக்குப் போக வேண்டும். இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை லூக்கா பச்சோலி என்ற துறவி விளக்கி எழுதிய புத்தகம் 1494ல் அங்கேதான் அச்சானது. ஜெர்மானிய வியாபாரிகள் தங்கள் பிள்ளைகளை ஆல்ப்ஸ் மலை தாண்டி அங்கே அனுப்புவார்கள். ரியால்ட்டோ பாலத்தருகே ஜெர்மானியர்களுக்கென்றே ஒரு பெரிய கட்டடம் இருந்தது. தங்குவது, சரக்கு வைப்பது, பேரம் பேசுவது எல்லாம் அதற்குள்தான்.

அப்படிப் போனவர்களில் ஒருவர் அவுக்ஸ்பூர்க் நகரத்து மத்தேயுஸ் ஷ்வார்ட்ஸ். 1497ல் பிறந்தவர். பதினேழு வயதில் கிளம்பி மிலான், ஜெனோவா என்று அலைந்து கடைசியில் வெனிசில் ஒரு வாத்தியாரிடம் கற்றார். எல்லாம் தெரிந்துவிட்டது என்ற எண்ணத்தோடு ஊர் திரும்பி, 1516ல் யாக்கோப் ஃபுக்கரின் வியாபார நிறுவனத்தில் சேர்ந்தார். ஃபுக்கர் அரசர்களுக்கே கடன் கொடுத்தவர். அங்கே உட்கார்ந்த பிறகுதான் தனக்குத் தெரிந்தது எவ்வளவு கொஞ்சம் என்று ஷ்வார்ட்ஸுக்குப் புரிந்தது. இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். பின்னாளில் அந்த நிறுவனத்தின் தலைமைக் கணக்கர் ஆனார்.

பிற்காலத்தில் வங்கிக் குடும்பங்கள் இதை ஒரு சம்பிரதாயமாகவே ஆக்கிக்கொண்டன. ஹம்பர்க் வங்கிக் குடும்பத்துப் பவுல் வார்பர்க் 1889-90ல் லண்டனில் ஒரு வங்கியிலும், அடுத்துப் பாரிசில் ஒரு வங்கியிலும் வேலை பழகினார். அமெரிக்காவின் மத்திய வங்கி 1914ல் வேலை தொடங்கியபோது அதன் முதல் நிர்வாகக் குழுவில் அவரும் இருந்தார். கோஞ்ஞாக் ஊர்ப் பிராந்தி வியாபாரியின் மகன் ழான் மொனே பதினாறு வயதில் படிப்பை விட்டு லண்டனுக்குப் போய் இரண்டு வருடம் ஒரு வியாபாரியிடம் தொழில் கற்றார். ஐரோப்பிய ஒற்றுமைக்கு அடித்தளம் போட்ட அதே மொனேதான். இவர்கள் யாரும் நாற்பது மனு போடவில்லை. குடும்பப் பெயரும் தகப்பனாரின் தொழில் தொடர்பும் முன்னே போய்க் கதவைத் திறந்தன. பேரன் சொன்னது புதிய குறை அல்ல.

அந்தக் கதவை வேறு விதமாகத் திறந்தவர்கள் மாணவர்களே. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐரோப்பா இடிந்து கிடந்த நேரம். 1948ல் பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து, டென்மார்க், நார்வே, ஸ்வீடன், பின்லாந்து என ஏழு நாட்டு மாணவர்கள் சேர்ந்து ‘ஐயெசெக்’ என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். பெயரின் எழுத்துகள் பிரெஞ்சு. பொருளாதாரமும் வணிகமும் படிக்கும் மாணவர்களின் சர்வதேசச் சங்கம் என்று பொருள். ஏற்பாடு நம்மூர் மொய் மாதிரி. உன் ஊர் வங்கியிலோ கம்பெனியிலோ எங்கள் பையனுக்கு ஓர் இடம் பிடித்துக் கொடு, எங்கள் ஊரில் உன் பையனுக்கு ஓர் இடம். மாமா இல்லாதவனுக்கு முன்பின் தெரியாத ஊரில் இன்னொரு மாணவன் மாமாவானான்.

இன்று பிரான்சில் ஸ்தாழ் என்பது சட்டம் வகுத்த விஷயம். மாணவன், கல்லூரி, வேலை தருபவர் மூவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். ஒரு படிப்பு வருடத்தில் ஓரிடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் கூடாது. இரண்டு மாதம் தாண்டினால் ஊக்கத்தொகை கட்டாயம். வெளிநாட்டு மாணவர் வருடத்துக்கு 964 மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்ற வரம்பில் படிப்போடு சேர்ந்த ஸ்தாழ் சேராது. குமாஸ்தாவாகக் காலம் கழித்த எனக்கு இதைப் படிக்கையில் ஒரு நிம்மதி. சிபாரிசு இல்லாதவனுக்குத் துணை, எழுத்தில் இருக்கும் விதிதான்.

அடுத்த ஞாயிறு இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். பெரிய வங்கிகளுக்கு மட்டும் எழுதாதே, உன் கல்லூரியில் முன்பு படித்து வேலையில் இருப்பவர்களுக்கும் சின்ன அலுவலகங்களுக்கும் எழுது, அவர்கள்தான் உனக்கு மாமா என்றேன். போன வாரம் செய்தி வந்தது. லீல் நகரத்தில் ஒரு சிறிய கணக்குத் தணிக்கை அலுவலகம். பழைய மாணவர் ஒருவர் அங்கே இருக்கிறாராம். “பேங்க் இல்லையே தாத்தா” என்று சற்று இழுத்தான்.

ஷ்வார்ட்ஸ் கணக்குக் கற்றது வெனிசிலா, வேலைக்கு உட்கார்ந்த மேசையிலா என்று கேட்டேன். சிரித்தான். ஒப்பந்தத்தில் மூன்று கையெழுத்தும் விழுந்துவிட்டதா என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். இன்னும் கல்லூரிக் கையெழுத்து பாக்கியாம். அது வரும்வரை வேலையில் உட்காராதே என்று சொல்லியிருக்கிறேன்.