சிறு விமானங்களின் தரையோட்ட மோதல்கள்

நீலகிரியில் விமான ஓடுபாதை கிடையாது. உதகையில் தீட்டுக்கல் ஹெலிகாப்டர் தளம் மட்டுமே உண்டு. விமானம் ஏற மலையிறங்கிக் கோவைக்குத்தான் செல்ல வேண்டும். ஆனாலும் மூடுபனியில் காந்தல் சாலையில் வண்டி ஓட்டியவர்களுக்கு, முன்னால் இருப்பது தெரியாமல் நகர்வது எப்படியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. பழைய பயிற்சி விமானங்களில் வெயில் நாளிலும் அதே நிலைதான்.

ஓடுபாதைக்குச் செல்லவும் அங்கிருந்து திரும்பவும் விமானம் தன் எஞ்சின் விசையால் தரையில் உருண்டு செல்வது தரையோட்டம் எனப்படும். 1930-களில் இந்தியப் பயிற்சிக் கழகங்களில் பரவலாக இருந்த மோத் வகை விமானங்கள் வாலைத் தரையில் ஊன்றி, மூக்கை உயர்த்தி நிற்பவை. தனியாகப் பறப்பவர் பின் இருக்கையில் அமர்வார். எஞ்சின் அவர் பார்வையை மறைத்துவிடும். சக்கரங்களுக்குப் பிரேக்கும் இல்லை. எனவே பாம்புபோல வளைந்து வளைந்து, பக்கவாட்டில் எட்டிப் பார்த்தபடியே நகர்த்த வேண்டும். பார்க்கத் தவறினால் பின்னால் வரும் விமானத்தின் சுழலும் புரொப்பெல்லர் முன்னே நிற்பதன் வாலை அறுத்துவிடும். மரச்சட்டமும் துணியுமான வால் அதற்கு எம்மாத்திரம்!

இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் உருவாக்கிய எச்.டி.-2 (முதல் பறப்பு 1951), புஷ்பக் (1958) ஆகியவையும் வால்சக்கர விமானங்களே. புஷ்பக் நாடெங்கும் கழகங்களுக்குச் சென்றது. 1956-இல் அமெரிக்காவில் மூக்குச்சக்கரத்துடன் வந்த செஸ்னா 172 போன்றவை பரவிய பின்னரே விமானிக்கு முன்பக்கம் தெளிவாகத் தெரிந்தது.

சர்வதேச விதிப்படி, நேரெதிரே வரும் இரு விமானங்களும் நிற்க வேண்டும், அல்லது வலப்புறம் ஒதுங்க வேண்டும். இடப்புறம் ஒதுங்கியே பழகிய நமக்கு இது தலைகீழ். குறுக்கே வந்தால், தன் வலப்பக்கம் இருப்பதற்கு வழிவிட வேண்டும்.

பார்வை சரியானாலும் பேச்சு குழம்பலாம். 1996 நவம்பர் 19 அன்று அமெரிக்காவின் குவின்சி நகரில், கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத சிறு நிலையத்தில் பீச்கிராஃப்ட் 1900 ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. குறுக்கு ஓடுபாதையின் முனையில் ஒரு கிங் ஏர், அதன் பின்னே ஒரு பைப்பர் செரோக்கி. முனையில் நிற்கும் விமானம் காத்திருக்குமா என்று இறங்குபவர்கள் வானொலியில் கேட்டார்கள். பதில் சொன்னவர் செரோக்கி விமானி. அதில் ஒரு பகுதியை பீச்கிராஃப்டின் சொந்த உயர எச்சரிக்கைக் குரலே மறைத்துவிட்டது. கிங் ஏர்தான் பேசியது என நம்பி அவர்கள் இறங்கினார்கள். கிங் ஏரோ புறப்பட்டு ஓடியது. இரண்டும் ஓடுபாதைச் சந்திப்பில் மோதின. பீச்கிராஃப்டில் இருந்தவர்கள் மோதலில் பிழைத்திருந்தனர். ஆனால் தீ பரவுமுன் அதன் கதவைத் திறக்க ஓடிவந்தவர்களால் முடியவில்லை. இரு விமானங்களிலும் இருந்த 14 பேரும் இறந்தனர்.