மெக்நாபுக்குக் கிடைத்த வரவேற்பு

அமெரிக்கக் கால்பந்துல வருஷா வருஷம் 'டிராஃப்ட்' உண்டு. கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையா எடுக்கும். போன சீசன்ல மோசமா ஆடின அணிக்கே முன்வரிசை.

1999 ஏப்ரல், நியூயார்க். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்கு 2வது இடம். ரசிகர்கள் கேட்டது பந்தோட ஓடுற ரிக்கி வில்லியம்ஸை. ஒரு ரேடியோ தொகுப்பாளர் இதுக்காகவே ரசிகர் கூட்டத்தைத் திரட்டிட்டு வந்திருந்தார். ஈகிள்ஸ் எடுத்ததோ, பந்தை எறியுற குவாட்டர்பேக் டோனவன் மெக்நாபை.

22 வயசுப் பையன். வாழ்க்கையோட பெரிய நாள். மேடையேறினா ஊஊன்னு கூச்சல்! அட்மிஷன் அன்னைக்கே டிஸ்சார்ஜ் சம்மரி எழுதிட்டாங்க.

வில்லியம்ஸுக்காக நியூ ஆர்லியன்ஸ் அந்த வருஷ வாய்ப்பு அத்தனையையும், அடுத்த வருஷத்துல ரெண்டையும் கொடுத்துச்சு. அந்த சீசன்ல 16 ஆட்டத்துல 3 தான் ஜெயிச்சாங்க. கோச் டிட்காவுக்கு வேலை போச்சு.

மெக்நாப் ஈகிள்ஸை 5 தடவை சூப்பர் பவுலுக்கு முந்தைய ஆட்டம் வரை கூட்டிட்டுப் போனார். ஒருதடவை சூப்பர் பவுலுக்கே, 24-21னு தோல்வி. (அதுக்கும் திட்டினாங்க.)

2013ல அவரோட 5ஆம் எண் ஜெர்சி இனி யாருக்கும் கிடையாதுன்னு ஈகிள்ஸ் எடுத்து வச்சுட்டாங்க.