மெஸ்ஸிக்கு முன்னாடியே ஒரு கோல் மெஷின்... பார்சிலோனாவைக் கலக்கிய பிலிப்பைன்ஸ் பையன்!

2014 மார்ச் 16. ஒசாசுனா அணியை 7-0 என்று பார்சிலோனா பந்தாடிய அன்று மெஸ்ஸி ஹாட்ரிக் அடித்தார். ஃப்ரெண்ட்லி போட்டிகளையும் சேர்த்து அவர் கணக்கு 371. பார்சிலோனா வரலாற்றிலேயே அதிக கோல்! சரி, அதுவரை அந்த 369 கோல் சாதனையை வைத்திருந்தவர் யார்? 1927-லேயே பூட்ஸைக் கழற்றிவிட்ட ஒரு டாக்டர். பெயர் பாலினோ அல்கான்டரா.

பிறந்தது 1896-ல், பிலிப்பைன்ஸின் இலோய்லோவில். அப்பா ஸ்பெயின் ராணுவ அதிகாரி, அம்மா உள்ளூர்ப் பெண். 1898 போரில் தோற்ற ஸ்பெயின், பிலிப்பைன்ஸை அமெரிக்காவிடம் கொடுக்க, குழந்தையைத் தூக்கிக்கொண்டு குடும்பம் பார்சிலோனாவுக்கு வந்து சேர்ந்தது. அங்கே பையனின் ஆட்டத்தைக் கண்டுகொண்டவர், கிளப்பைத் தொடங்கிய காம்பரேதான்.

1912 பிப்ரவரி 25-ல் முதல் மேட்ச். கத்தாலா அணியை 9-0 என வென்றார்கள். முதல் மூன்று கோலும் நம்ம ஆள் அடித்ததுதான். வயது பதினைந்தே கால்தான்! 15 வயதில் களமிறங்கி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த லாமின் யமால்கூட, அறிமுகமானபோது இவரைவிடச் சில மாதங்கள் பெரியவர். அப்போதைய மைதானம் ரொம்பச் சின்னது. இடமில்லாமல் மதில் மேல் ஏறி உட்கார்ந்த ரசிகர்களின் பின்புறம்தான் தெருவில் போகிறவர்களுக்குத் தெரியுமாம். பார்சிலோனா ரசிகர்களுக்கு 'குலே' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

1916-ல் பெற்றோர் மறுபடி பிலிப்பைன்ஸுக்குக் கிளம்ப, மகனும் கூடவே போனார். மணிலாவில் மருத்துவப் படிப்பு, சைடில் கால்பந்து. 1917-ல் டோக்கியோவில் ஜப்பானை 15-2 எனத் துவைத்தெடுத்த பிலிப்பைன்ஸ் அணியிலும் இருந்தார். இந்தப் பக்கம் பார்சிலோனாவோ அவர் இல்லாமல் கோப்பையே பார்க்கவில்லை. 'திரும்பி வா' என்று கிளப் கெஞ்ச, பெற்றோர் அசையவில்லை. அந்த நேரம் பார்த்து மலேரியா வர, 'ஸ்பெயினுக்கு அனுப்பினால்தான் மருந்து சாப்பிடுவேன்' என்று அடம்பிடித்துக் காரியத்தைச் சாதித்தார் என்று ஒரு கதை உண்டு. டாக்டருக்குப் படிக்கிற பையன் செய்கிற வேலையா இது!

1918-ல் திரும்பி வந்தவரை, கோச் ஜாக் கிரீன்வெல் டிஃபென்ஸில் நிறுத்தினார். கிளப் உறுப்பினர்கள் கொதித்துவிட்டார்கள். மறுபடி ஃபார்வர்டு, மறுபடி கோல் மழை. ஒல்லியான உடம்பு, இடுப்பில் செருகிய வெள்ளைக் கைக்குட்டை, காலில் மட்டும் பீரங்கி. 1922-ல் பிரான்ஸுக்கு எதிராக ஸ்பெயினுக்காக ஆடியபோது, அவர் உதைத்த பந்து வலையைக் கிழித்துக்கொண்டு வெளியே போனதாகச் சொல்வார்கள். அதிலிருந்து 'வலை கிழிப்பவர்' என்பதே செல்லப்பெயரானது. கூட்டம் தாங்காமல் அதே ஆண்டு லெஸ் கோர்ட்ஸ் என்ற பெரிய மைதானத்தையே கட்ட வேண்டிவந்தது.

ஆனாலும் படிப்புக்குத்தான் முதலிடம். 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்குக் கூப்பிட்டார்கள். பரீட்சை இருக்கிறது என்று மறுத்துவிட்டார். அந்த அணி வெள்ளிப் பதக்கத்தோடு திரும்பியது. 5 ஸ்பெயின் கோப்பை, 10 கத்தலோனியா கோப்பை ஜெயித்த கையோடு, 1927-ல் முப்பது வயதில் ஓய்வு. அதற்குப் பிறகு முழுநேர டாக்டர்தான். 1930-களின் தொடக்கத்தில் கிளப் நிர்வாகத்திலும் இருந்தார்.

ரசிகர்களால் எளிதில் விழுங்க முடியாத பகுதி இனிமேல்தான். 1936-ல் உள்நாட்டுப் போர் மூண்டது. கிளப்பின் தலைவர் சுன்யோலை ஃபிராங்கோவின் படைகள் சுட்டுக் கொன்றன. அதே ஆண்டு அல்கான்டரா பார்சிலோனாவை விட்டுத் தப்பியோடி, ஃபலாங்கே கட்சியில் சேர்ந்து, அதே ஃபிராங்கோ தரப்பில் போரிட்டார். கத்தலோனிய மொழியையே பொது இடங்களிலிருந்து துரத்திய தரப்பு அது. மைதானத்தில் அவர் பெயரைக் கத்திக் கொண்டாடியவர்களில் எத்தனை பேர் எதிர்ப்பக்கம் நின்றிருப்பார்கள்!

1951-ல் ஸ்பெயின் அணிக்கு மூன்று மேட்ச்களில் பயிற்சியாளராக இருந்தார். ஒரு வெற்றி, இரண்டு டிரா. 1964 பிப்ரவரியில் பார்சிலோனாவிலேயே காலமானார். மெஸ்ஸி பிறக்க இன்னும் 23 வருடங்கள் இருந்தன.