அடையாறு அம்மையாரும் என் அக்காவும்

என் அக்காவுக்கு டிமென்ஷியா என்னும் மறதி நோய். இரண்டு வருடமாக ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். வேளைக்குச் சாப்பாடு, மருந்து, சுத்தமான படுக்கை, எதிலும் குறை இல்லை. ஆனால் காலையிலிருந்து இரவு வரை டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பதுதான் அவள் வேலை. இப்படிப்பட்டவர்களுக்குச் செய்ய என்னதான் கொடுக்கலாம் என்று தேடிப் படித்தபோது, எதிர்பாராத ஒரு பெயர் வந்தது: மாண்டிசோரி!

கதை இரண்டு டாக்டர்களிடம் தொடங்குகிறது. 1906 நவம்பரில் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர் கூட்டத்தில், 55 வயதில் இறந்துபோன ஒரு பெண்மணியின் நோயைப் பற்றி அலாய்ஸ் அல்சைமர் பேசினார். பிறகு அந்த நோய்க்கு அவர் பெயரே வந்தது. இரண்டு மாதம் கழித்து, 1907 ஜனவரி 6 அன்று, ரோம் நகரத்து ஏழைகள் வாழும் சான் லோரென்சோ பகுதியில் மரியா மாண்டிசோரி தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அதற்கு முன்பே, 'இவர்களுக்கு ஒன்றும் வராது' என்று ஒதுக்கப்பட்ட மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுடன் அவர் வேலை செய்திருந்தார். கைக்கு ஏற்ற வேலையைக் கொடுத்தால் அவர்களும் கற்பார்கள் என்று கண்டவர்.

மாண்டிசோரி அம்மையார் நமக்கும் வேண்டியவர்தான். 1939-ல் பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். 1940-ல் இத்தாலி போரில் இறங்கியதும் அவர் எதிரி நாட்டுப் பிரஜை ஆகிவிட்டார். மகன் மரியோவைக் காவலில் வைத்த அரசு, அம்மையாரின் 70-வது பிறந்த நாளில் விடுவித்தது. சில காலம் கொடைக்கானலிலும் இருந்தார். 1946 வரை இந்தியாவை விட்டுப் போக முடியவில்லை.

இந்த இரண்டு கதைகளையும் 1990-களில் ஒன்று சேர்த்தவர், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பணியாற்றிய உளவியலாளர் கேமரன் கேம்ப். மறதி நோயில் முதலில் பழுதாவது, புதிய செய்தியைப் பதிய வைக்கும் மூளைப் பகுதி. அதனால் காலையில் வந்து போனவர் யார் என்பது மதியம் நினைவிருக்காது. ஆனால் துண்டு மடிப்பது, பொத்தான் போடுவது போன்ற கைப்பழக்கம் வேறு பகுதிகளைச் சார்ந்தது. அது நெடுநாள் நிற்கும். எழுத்து பெரிதாக இருந்தால் பலரால் வாசிக்கவும் முடிகிறது.

எனவே மாண்டிசோரி பிள்ளைகளுக்குச் செய்ததையே கேம்ப் பெரியவர்களுக்கும் செய்தார். வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரிப்பது, வாயால் விளக்காமல் செய்து காட்டுவது, தப்பு என்று சுட்டாமல் இருப்பது. பெரியவர்களைக் குழந்தைகளாக நடத்துவது மட்டும் கூடாது. வேலைக்கு ஒரு பயன் இருக்க வேண்டும். மடித்த துண்டு சாப்பாட்டு மேசைக்குப் போக வேண்டும். அவரும் உடன் பணியாற்றியவர்களும் 1997-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மறதி நோய் உள்ள பெரியவர்களே சின்னப் பிள்ளைகளுக்கு மாண்டிசோரி பாடங்களைச் சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தவரை அவர்கள் எதிலும் ஒட்டாமல் வெறித்துப் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை.

இதைப் படித்த பின் ஒரு நாள், இல்லத்துச் சமையற்கார அம்மாவிடம் கேட்டுவிட்டு, ஒரு கட்டு முருங்கைக்கீரையை அக்கா முன்னால் வைத்தேன். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கொத்தை எடுத்து ஆய ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், "இப்படியா காம்போடு போடுவது?" என்று என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். முக்கால் மணி நேரத்தில் முறம் நிறைந்தது.

"எத்தனை பேருக்குடா சமையல்?" என்று கேட்டாள்.

"முப்பது பேருக்கு அக்கா."

"அப்போ இது பத்தாதே!"

என் பெயர் அன்று அவளுக்கு நினைவு வரவில்லை. இப்போது செவ்வாய்க்கிழமைதோறும் இரண்டு கட்டு வாங்கிப் போகிறேன்.